ரூவானில் அண்ணாவின் திதி

பிரான்சு தேசத்தில் ரூவான் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் சொல்ல வேண்டுமென்றால் மூக்கைப் பாதி அடைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ரயிலை விட்டு இறங்கிய அன்றே எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டதால், உச்சரிப்பு மட்டும் முதல் நாளிலிருந்தே சுத்தமாக இருந்தது.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. மவுண்ட் ரோட்டில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கூடத்துக்கு ஒரு யந்திரம் வாங்க வேண்டியிருந்தது. முதலாளி என்னை லண்டனுக்கு அனுப்பினார். வேலை முடிந்து கையில் நாலு நாள் மிஞ்சியது. வேறு யாராவது இருந்தால் பாரிஸுக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். நான் ரூவானுக்குப் போனேன். என் அண்ணா சுந்தரம் அங்கேதான் செத்துப்போனான்.

அண்ணா சிப்பாய் இல்லை, தபால் குமாஸ்தா. மன்னி பிரசவத்தில் குழந்தையோடு போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு மயிலாப்பூர் வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பட்டாளத்துக் கடிதங்களைப் பிரித்துக் கொடுக்க ஆள் கேட்டார்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டான். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. "சமுத்திரம் தாண்டினா ஜாதி போயிடும்டா" என்று அழுதாள். "ஜாதியை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டுப் போறேம்மா. திரும்பி வந்து எடுத்துக்கறேன்" என்றான். அப்படித்தான் பேசுவான்.

அவன் ரூவானில் இருந்தபோது எனக்குத் திருவல்லிக்கேணியில் கல்யாணம் நடந்தது. மாசி மாதம், ஐந்து நாள் கல்யாணம். ஐந்தாம் நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்தோம். விசாலத்துக்கு அப்போது பதின்மூன்று வயது. வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் கொட்டப் போன அத்தை அப்படியே நின்றுவிட்டாள். எதிரே தந்திக்காரன்.

தந்தியில் இரண்டே வரி. சுந்தரம் ரூவானில் நிமோனியாவில் இறந்துவிட்டான், விவரம் கடிதத்தில். கடிதம் வரவே இல்லை. அது வந்த கப்பல் கடலுக்குள் போய்விட்டது என்றார்கள். ஊராருக்கெல்லாம் கடிதம் பிரித்துக் கொடுத்தவனைப் பற்றிய கடிதம் மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தேதி தெரியாததால் தந்தி வந்த திதியிலேயே வருஷா வருஷம் திவசம் செய்துகொண்டிருந்தேன். அம்மா மட்டும் தனியாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சண்டைக் காலத்துத் தந்தி வந்து சேர நாலு நாள் ஆகும். ஆக, விசாலத்தின் கழுத்தில் தாலி ஏறிய நாளிலேயே பிள்ளை போயிருக்கிறான். அம்மா இதை ஒருநாளும் இரைந்து சொல்லவில்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு முன் தியாகராய நகரில் வீடு கட்டிக் குடிபோனபோது, பால் குடத்தை விசாலத்தின் கையில் கொடுக்காமல், பக்கத்து மனைக்காரர் சம்சாரத்தைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். விசாலம் எங்கள் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக உள்ளே வந்தாள். தன் வீட்டுக்குத் தான் கடைசியாக.

அந்தப் பால் குடம்தான் என்னை ரூவானுக்குத் துரத்தியது. அண்ணா போன தேதி எனக்கு வேண்டும். தாலி கட்டுவதற்கு முந்திய தேதியாக இருந்துவிட்டால் விசாலத்தின் தலையிலிருந்து பழி இறங்கிவிடும். பிந்திய தேதியாக இருந்தால்? அதை நான் யோசிக்காமலே கப்பல் ஏறினேன். அம்மாவிடம் "திதியை விசாரிச்சுண்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன். லண்டனில் ஒரு பெரியவர், "பிரான்சு தேசத்தில் யார் இறந்தாலும் அந்த ஊர் நகரசபைப் புத்தகத்தில் எழுதுவார்கள், மணி உட்பட எழுதுவார்கள்" என்று சொன்னார். மணி உட்பட என்றதும் எனக்குப் புல்லரித்துப்போயிற்று. திதி பார்க்கிற நமக்கல்லவா மணி வேண்டும், இவர்களுக்கு எதற்கு?

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். மழை. நம் ஊர் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். இந்த மழைக்கு வீடே கிடையாது போலிருக்கிறது. காலையில் பிடித்தால் சாயங்காலம் வரை நசநசவென்று அங்கேயே நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை.

விடுதிக்கார அம்மாளிடம் என் ஆகார நியமத்தைச் சைகையால் விளக்கினேன். மாமிசம் கூடாது என்றதும் தலையை ஆட்டினாள். மீனும் கூடாது என்றேன். யோசித்துவிட்டு ஒரு முட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அதுவும் கூடாது என்றேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் என்று தீர்மானித்து வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தாள். வெண்ணெய் என்றால் வெண்ணெய்! மயிலாப்பூரில் பால்காரன் கண்ணெதிரே கறந்த பாலைக் கடைந்தாலும் இப்படி வராது. பெட்டியைத் திறந்து புளிக்காய்ச்சலை எடுத்து உருளைக்கிழங்கில் பிசைந்துகொண்டேன். அந்த அம்மாள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஊரை விட்டுக் கிளம்பும்வரை என்னைக் கொஞ்சம் பயத்துடனே நடத்தினாள்.

அண்ணா கடிதங்களில் இரண்டு அதிசயங்களைப் பற்றி எழுதியிருந்தான். ஒன்று தொங்கு பாலம். ஸேன் நதியின் இரண்டு கரையிலும் கோபுரம்போல் இரும்பை நிறுத்தி, உச்சியில் குறுக்கே உத்தரம் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து கம்பிகளில் ஒரு மேடை தொங்குகிறது. வண்டி, குதிரை, மனுஷர் எல்லாரும் மேடையில் ஏறிக்கொண்டால் அது அந்தரத்திலேயே நகர்ந்து அக்கரை சேர்க்கிறது. பாலம் மாதிரியும் இல்லை, படகு மாதிரியும் இல்லை. "அடையாற்றுக்கு இப்படி ஒன்று போட்டால் நீ பயத்தில் பள்ளிக்கூடமே போகமாட்டாய்" என்று அண்ணா எனக்கு எழுதியிருந்தான்.

அதில் ஏறினேன். பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேடை அக்கரையை அடைந்து, எல்லாரும் இறங்கி, வேறு ஜனங்கள் ஏறி, மறுபடி இக்கரைக்கே வந்துகொண்டிருந்தது. அடுத்த தடவை ஜாக்கிரதையாக விழித்துக்கொண்டு போனேன். இறங்கப் போகிற சமயம் முன்னால் நின்ற குதிரை வழியை விடவில்லை. மறுபடி இக்கரை. மூன்றாவது தடவை எனக்கு ஆத்திரம் வந்து, "கர்மம், கர்மம்! இதென்னடா எழவெடுத்த பாலம்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"இன்னா சாமி, மூணு தபாவா பார்த்துக்கினு கீறேன், எறங்கவே மாட்டேன்றீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கறுத்த, பருத்த மனுஷர். தலையில் பிரெஞ்சுக்காரர் தொப்பி, தோளில் ஈரச் சாக்கு. வாய் நிறையச் சிரிப்பு. எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன்.

பெயர் அந்தோணி. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். சண்டையின்போது கப்பலில் வேலைக்கு வந்தவர் திரும்பவே இல்லை. ரூவான் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறார். மீன் விற்கிற பிரெஞ்சுக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். "ஊர்ல ஆத்தா மீன் வித்துச்சு, இங்க பொண்டாட்டி விக்குது. மீன் நாத்தம் வுட மாட்டேன்னுது சாமி" என்றார். ஊரில் இருந்திருந்தால் நானும் அவரும் ஒரே டிராமில் போயிருந்தாலும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அங்கே நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சாமிக்கு எந்தாண்ட வூடு?"

"முன்னே மயிலாப்பூர். இப்போது மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்."

"மாம்பலத்துலயா? அங்க ஏரி தானே கீது?"

"ஏரியைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். தியாகராய நகர் என்று பெயர். மின்சார ரயில்கூட வந்துவிட்டது."

அந்தோணி நின்றுவிட்டார். "ஏரி மேலயா வூடு கட்டிக்கினீங்க? நானும் எங்க நைனாவும் அங்க வலை போட்டுக்கீறோமே சாமி!" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகமாக இருந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் சாந்தோம் கோயில் மணியைப் பற்றியும், கபாலீசுவரர் தெப்பத்துக்கு வரும் பொரி உருண்டையைப் பற்றியும், லஸ் முனையில் டிராம் திரும்பும்போது போடும் கிறீச்சைப் பற்றியும் பேசிக்கொண்டே மழையில் நடந்தோம். வந்த காரியத்தைச் சொன்னேன். "நாளைக்கு எனக்கு வேலை இல்ல. நானே கூட வந்து கேக்கறேன்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்கிற விஷயத்தை ராகுகாலத்தில் கேட்கலாமா? ஒன்பது மணிக்கே போயிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுந்திருக்கிறான். அப்படியானால் ராகுகாலமும் தள்ளிப்போகுமா, அல்லது சென்னைக் கணக்கே செல்லுமா? விடுதியில் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். தீரவில்லை. இரண்டு கணக்கையும் சேர்த்துக் கழித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தோணி வாசலில் நனைந்துகொண்டு நின்றார். "நேரம் சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். இந்தச் சங்கடத்தில் அவரை எப்போது நீங்கள் என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்பதே எனக்கு நினைவில்லை.

கெட்ட நேரமெல்லாம் ஒழிந்து நாங்கள் நகரசபைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. சாப்பாட்டு வேளை. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அந்த ஊரில் எந்தக் காரியமும் நடக்காது. கடை, ஆபீஸ் எல்லாம் அடைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "இது இவங்க ராவுகாலம் சாமி" என்றார் அந்தோணி.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர், அந்தோணி சொன்னதைக் கேட்டுவிட்டு, தடித் தடியாகப் புத்தகங்களை எடுத்துவந்தார். சண்டைக் காலத்துப் புத்தகங்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அத்தனை ஆஸ்பத்திரிகளாம். சுந்தரம் என்ற பெயருக்குரிய எழுத்தில் பார்த்தார். இல்லை. ஐயர் என்ற பெயரில் பார்த்தார். இல்லை. எங்கள் அப்பா பெயரில் பார்த்தார். அதுவும் இல்லை. விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினார். இருட்டும்வரை பார்த்தோம். "நாளைக் காலை வாருங்கள், மறுபடி பார்க்கலாம்" என்று அவர் சொன்னதாக அந்தோணி சொன்னார். தொலைந்துபோன சாமானைத் தேடுகிறவனிடம் பேசுவதுபோல மிருதுவாகப் பேசினார் அந்த மனுஷர்.

அன்று சாயங்காலம் அண்ணா எழுதியிருந்த இரண்டாவது அதிசயத்தைப் பார்க்கப் போனேன். தெருவின் குறுக்கே ஒரு வளைவு கட்டி, அதில் பெரிய கடிகாரம் வைத்திருக்கிறார்கள். முகமெல்லாம் தங்கப் பூச்சு, முள் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேலே ஓர் உருண்டை, பாதி வெளுப்பு, பாதி கறுப்பு. வானத்தில் சந்திரன் எப்படி இருக்கிறானோ அப்படியே அதுவும் திரும்பும். "இங்கே பஞ்சாங்கம் வேண்டாம். தெருவுக்கு வந்தால் பிறை தெரியும். அப்பாவின் திதியை இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டு அன்று ஒருவேளை சாப்பிட்டேன்" என்று எழுதியிருந்தான். அவன் நின்ற இடத்தில் நின்று நானும் அண்ணாந்து பார்த்தேன்.

எனக்கு அவன் ஞாபகம் அப்போதுதான் முழுசாக வந்தது. சின்ன வயதில் எனக்குச் சாந்தோம் கடற்கரையில் பட்டாணி வாங்கிக் கொடுத்துவிட்டு, அலைக்குப் பயந்து நான் அவன் வேஷ்டியைப் பிடித்துக்கொள்ளும்போது வேண்டுமென்றே இன்னும் இரண்டு அடி உள்ளே நடப்பான். கோபம் வந்தால் அம்மாவிடம் பேசமாட்டான், மன்னியிடம் சொல்லிப் பேசச் சொல்லுவான். மன்னி போன பிறகு கோபம் வந்தாலும் சொல்ல ஆளில்லாமல் பேசாமலே இருந்தான். இந்தப் பாவி ஊரில் தனியாக மழையில் நின்று திதி பார்த்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

கூடவே பயமும் வந்தது. தேதி கிடைக்காமல் போனால்கூடத் தேவலை. தாலி கட்டிய மறுநாள் என்று இருந்துவிட்டால்? விடுதிக்கு வந்து அந்த அம்மாள் கொடுத்த சீஸைப் பார்த்தேன். துவைக்காத காலுறை வாசனை. அதை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, ஆப்பிளைச் சுட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுத்ததை மட்டும் தின்றேன். ருசியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை அந்தோணி என்னை விடுதி வாசலிலேயே மடக்கினார். காபியைக்கூட முடிக்கவில்லை நான். அவர்கள் காபியைக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கிக் கஞ்சி மாதிரி குடிக்கிறார்கள்.

"சாமி, ராவெல்லாம் ரோசன பண்ணிக்கினே இருந்தேன். எனக்கு இங்க சர்க்கார் சீட்டுல இன்னா பேர் தெரியுமா? மெட்ராஸ் அந்தோணி. எங்க நைனா பேர் கேட்டாங்க, ஊர் பேர் கேட்டாங்க, ரெண்டுல எத்த குடும்பப் பேர்னு வெச்சிக்கணும்னு இவங்களுக்குப் புரியல. ஊரயே குடும்பமா எழுதிட்டாங்க. உங்க அண்ணாத்தய ஊர் பேர்ல பாருங்க."

குமாஸ்தாவிடம் போய் மயிலாப்பூர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த எழுத்துப் பக்கத்தைத் திருப்பினார். விரல் பாதியில் நின்றது. புத்தகத்தை என் பக்கம் திருப்பிவைத்து அந்த வரியைப் படித்தார், அந்தோணி தமிழில் சொன்னார்.

மயிலாப்பூர், சுந்தரம். வயது இருபத்தொன்பது. தபால் குமாஸ்தா. மனைவியை இழந்தவர். மயிலாப்பூரில் பிறந்தவர். அத்தனையும் அழகான சாய்வெழுத்தில். பிரான்சு தேசத்துப் புத்தகத்தில் எங்கள் அண்ணாவுக்கு மயிலாப்பூர்தான் குடும்பம்.

"தேதி? தேதியைக் கேளுங்கள்" என்றேன். அது எனக்கு எதிரேதான் எழுதியிருந்தது, எண்ணைப் படிக்க எனக்கும் தெரியும். ஆனாலும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்தோணி கேட்டுச் சொன்னார். "பிப்ரவரி பதினேழு. விடிகாலம் நாலரை மணி."

எனக்குக் கல்யாணம் நடந்தது பிப்ரவரி இருபத்தாறு. ஒன்பது நாள் முன்னால்! நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "விசாலம் இல்லை, விசாலம் இல்லை" என்றேன். குமாஸ்தா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தோணி என் முதுகைத் தட்டிக்கொண்டே, "வுடுங்க சாமி, வுடுங்க" என்றார். அப்போதுதான் எனக்குக் கணக்கின் மற்றப் பாதி உறைத்தது. பதினேழிலிருந்து எண்ணினால் இருபத்தாறு பத்தாம் நாள். அவனுக்குப் பத்தாம் நாள் காரியம் நடந்திருக்க வேண்டிய அன்று நான் பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஊருக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போனோம். பட்டாளத்தோடு வந்த நம்மவர்களை எரித்த இடம் எது என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். இப்போது அங்கே ஆப்பிள் மரங்கள். மழை விடவில்லை. கோட்டைக் கழற்றி அந்தோணியிடம் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து கொண்டுவந்த எள்ளையும் தர்ப்பையையும் எடுத்தேன். ஸேன் நதியில் கணுக்கால் வரை இறங்கினேன். ஐஸ் மாதிரி இருந்தது. தெரிந்த மந்திரத்தைச் சொல்லி அண்ணாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பாதியில் மந்திரம் மறந்துபோய், "அண்ணா, அண்ணா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூடையோடு போன ஒரு கிழவி நின்று அந்தோணியிடம் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நான் கரையேறும்வரை தலை குனிந்து நின்றாள்.

"என்ன கேட்டாள்?" என்றேன்.

"இந்தக் குளிர்ல இந்தாளு ஆத்துல இன்னா தேடறாருன்னு கேட்டுச்சு. அண்ணனுக்குத் தண்ணி குடுக்கறாருன்னேன். அது புருசனும் சண்டையில பூட்டானாம்."

அன்று சாயங்காலம் ரயிலடியில் அந்தோணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். சாந்தோம் கோயிலில் தன் ஆத்தா பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஏற்றுகிறேன் என்றேன். ஊருக்கு வந்த மறுநாளே ஏற்றினேன். ஜன்மத்தில் நான் மாதா கோயிலுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

கப்பலில் வரும்போது எனக்கு ஒரே சந்தோஷம். விசாலத்திடம் எப்படிச் சொல்வது, அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கப்பல் தாறுமாறாக ஆடியபோதுகூட எனக்கு வாந்தி வரவில்லை.

சமுத்திரம் தாண்டியதற்கு அம்மா ஏற்பாடு செய்திருந்த பிராயச்சித்தமெல்லாம் முடிந்து, பஞ்சகவ்யம் குடித்த வாய் கழுவி, கூடத்தில் உட்கார்ந்தேன். அம்மா தூணில் சாய்ந்திருந்தாள். விசாலம் சமையலறையில் இருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"அம்மா, அண்ணா போனது மாசி ஆறாம் தேதி விடிகாலம். கிருஷ்ணபட்ச ஏகாதசி."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது.

"கல்யாணத்தன்னிக்கு அவனுக்குப் பத்தாம் நாளாடா?"

"ஆமாம்மா."

"நான் அன்னிக்கு ரெண்டு தரம் பாயசம் போட்டுண்டேனேடா" என்றாள். பிறகு அழுதாள். நான் அவள் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். காதில் விழுந்த பிறகுதான் தீட்டு, தெரியாமல் நடந்ததில் தோஷமில்லை என்று வாத்தியார் சொல்லியிருப்பதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அழுகை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, நான் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"தாலி ஏறறதுக்கு ஒம்பது நாள் முன்னாடியே போயிட்டாம்மா. விசாலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பார்த்தியா?"

அம்மா மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"வெத்தலை பாக்கு மாத்திண்டது எப்போ? தை கடைசியிலதானே? சம்பந்தம் பேசின வேளைடா. அப்பவே ஆரம்பிச்சுடுத்து" என்றாள்.

எனக்கு உச்சந்தலையில் அடித்தாற்போல் இருந்தது. கோபத்தில் எழுந்து சமையலறைக்குப் போனேன். விசாலம் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"சிரிக்கிறியா? அவ்வளவு தூரம் போய்த் தேதி கொண்டுவந்திருக்கேன், அம்மா இப்படிச் சொல்றா!"

"நீங்க இன்னொரு தேதி கொண்டுவந்தா அம்மா இன்னொண்ணு சொல்லுவா. தலைச்சன் பிள்ளை போயிட்டார். அதை எங்கேயாவது இறக்கி வெக்கணுமோல்லியோ? என் தலை பக்கத்துல இருந்தது, வெச்சா. அம்மா மேல எனக்குக் கோபமெல்லாம் போயி ரொம்ப வருஷமாச்சு."

காயை நகர்த்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்கோ. அந்தப் புஸ்தகத்துல தாலி கட்டின மறுநாள்னு போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பேள்?"

உண்மையைச் சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றே நினைத்துச் சொன்னேன்.

"உங்கிட்டயோ அம்மாகிட்டயோ சொல்லியிருக்கவே மாட்டேன். வேற தேதி சொல்லியிருப்பேன். உன்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன்."

"காட்டிக்கொடுக்கறதா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "நான் முகம்கூடப் பார்க்காத மனுஷர். எங்கேயோ குளிர்ல காய்ச்சல் வந்து போனார். அன்னிக்கே போனா என்ன, மறுநாள் போனா என்ன, அதுல என்னைக் காட்டிக்கொடுக்க என்ன இருக்கு?"

அரிவாள்மணையில் ஒட்டியிருந்த தோலை வழித்துப் போட்டாள்.

"அம்மா நம்பறான்னு தெரியும்" என்றாள். "நீங்களும் நம்பிண்டுதான் இருந்தேள்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அடுத்த வாழைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். நான் சமையலறை வாசற்படியிலேயே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.